லேபிள் உரித்த பாட்டில்கள்

அவர் வருகிறார் என்பது எங்கள் தெருவுக்கு முதலில் மூக்கில்தான் தெரியும். ஆள் தண்ணீர்த் தொட்டி முனையில் திரும்பும்போதே இங்கே எங்கள் வாசலுக்குத் தைல வாசனை வந்துவிடும். வெள்ளை அரைக்கைச் சட்டை. பேனா குத்த வேண்டிய பையில் விரல் நீளத்துக்கு ஐந்து பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்கள். நடக்கும்போது அவை ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுவென்று சத்தம் போடும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தால் பின்னால் மூன்று பெஞ்சுக்குத் தும்மல் நிற்காது. ஒருநாள் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். இவர் தன்னைப் பாராட்டியது போலத் தலையை ஆட்டினார்.

ஜெனி, அமல், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். போன வாரம் அமலுக்கு மூக்கடைப்பு. பள்ளியில் யாரோ கொடுத்த சின்னத் தைலப் பாட்டிலைத் திறந்து ஜெனி அவன் மூக்குக்குக் கீழே தடவப் போனாள். நான் பாய்ந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டேன். பாட்டில் உடைந்தது. ஜெனி அழுதாள். "தம்பிக்கு நல்லதுதானே பண்ணுனேன்" என்றாள். நல்லதுதான். ஆனால் நான் ஏன் தட்டினேன் என்று அப்போது சொல்ல வாய் வரவில்லை. உங்கள் அம்மா, "வாயால வரலன்னா எழுதிக் குடுங்க" என்றாள். பத்தாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. தெரிந்தமட்டும் எழுதுகிறேன்.

அந்த மனிதரின் பெயரை எழுதப்போவதில்லை. இப்போது அவர் ஊரில் இல்லை, மகனோடு வெளியூருக்குப் போய்விட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஆனால் அவருடைய மருமகளுக்கு நான் சாகும்வரை கடன்பட்டவன். அந்தப் பெண் இதைப் படித்தால் தலைகுனியக் கூடாது.

அவர் ஒரு தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதன்முதலில் நான் அவரைப் பார்த்தது அங்கேதான். எங்கள் அப்பா இறந்தபிறகு திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இருந்த மூன்று மா நிலத்துக்குப் பட்டாவில் பெயர் மாற்றப் போயிருந்தேன். மனுவை ஒரு விரலால் தள்ளி, கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"இனிஷியல் எங்கப்பா?"

"அப்பா பேரு கீழ இருக்கு சார்."

"கீழ இருக்கு, மேல இல்ல. நீ யாருன்னு நான் எப்படி எடுத்துக்குறது? எழுத்துல இல்லாதது எனக்குத் தெரியாது. எழுதி எடுத்துக்கிட்டு வா."

எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அடுத்த தடவை அடங்கல் நகலில் முத்திரை மங்கலாக இருந்தது. அதற்கடுத்த தடவை சர்வே நம்பரில் உட்பிரிவு விட்டுப்போயிருந்தது. மூன்று முறை நடையாய் நடந்தேன். அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. ஆபீஸ் என்றால் அப்படித்தான், ஒரு எழுத்துத் தப்பினால் ஒருவன் நிலம் இன்னொருவனுக்குப் போய்விடும், மனிதர் கண்டிப்பானவர் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு எழுத்துப் பார்த்தவர் இவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றதும் திருச்சியில் ஏதோ ஒரு ஓட்டலில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். பூவிலும் இலையிலும் இருந்து வடித்தெடுக்கும் வாசனை எண்ணெய்களால் எல்லா வியாதியையும் தீர்க்கலாம் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாரும் நிம்மதியாக இருமக்கூட முடியாது. இருமினால் வந்து நிற்பார்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஊரில் வயலுக்கு மருந்து அடிப்பவன். ஒருநாள் அவர் வீட்டுக் கொல்லையில் வாழைக்கு மருந்து அடிக்கக் கூப்பிட்டார். போனால், கிணற்றடியில் ஒரு வாளி வெந்நீர் வைத்து அதில் புது எண்ணெய்ப் பாட்டில்களை ஊறப்போட்டிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, பழைய பிளேடால் லேபிளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டிய காகிதம் கால்மாட்டில் குவிந்து கிடந்தது.

"எதுக்கு சார் உரிக்கிறீங்க?"

"இதுல எழுதியிருக்குறது பூரா கம்பெனிக்காரன் தன்னக் காப்பாத்திக்க எழுதுனது தம்பி. நாளைக்கு ஒருத்தன் கேஸ் போட்டான்னா காட்டணும்ல. படிச்சா சனங்க பயந்துருவாங்க."

"அளவு போட்டிருப்பானே சார்?"

"அளவா?" சிரித்தார். "விஷத்துக்குத்தான் தம்பி அளவு. நீங்க முதுகுல தூக்கிட்டு நிக்கிறீங்களே, அதுக்கு. இது பூ, எல, பட்ட. இயற்கை. இயற்கை என்ன பண்ணும்?"

என் முதுகில் பத்து லிட்டர் டேங்க். சட்டைப்பையில் அளவு மூடி. மருந்து டப்பாவில் விஷத்தின் வீரியத்தைக் காட்டும் முக்கோணம் என்ன நிறத்தில் போட்டிருக்கிறான் என்று பார்க்காமல் நான் மூடியைக்கூடத் திருக மாட்டேன். அப்படிப்பட்டவன் அன்றைக்கு அவர் சொன்னதற்குத் தலையை ஆட்டினேன். ஏன் தெரியுமா? "தம்பி" என்று கூப்பிட்டார். வேலை முடிந்ததும் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். தாலுகா ஆபீஸில் என்னை நிற்கவைத்தே மூன்று தடவை அனுப்பியவர், தன் எதிரே உட்காரவைத்து டீ கொடுத்தார். அந்த ஒரு டீக்கு என் புத்தியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

காகிதத்தில் புள்ளி தவறினால் பொறுக்காதவர், பிள்ளைகுட்டி உள்ள வீடுகளுக்கு எழுத்தே இல்லாத பாட்டிலைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "நம்ம கலவை" என்பார். இன்னொன்றைக் கேட்டால் அதுவும் "நம்ம கலவை". எவ்வளவு போடுவது என்று கேட்டால் உள்ளங்கையைக் காட்டுவார். உங்களுக்கு வீசிங் இருக்கா, வலிப்பு வந்திருக்கா, மாசமா இருக்கீங்களா, வீட்டில் கைக்குழந்தை இருக்கா என்று ஒருநாளும் ஒருவரையும் கேட்டதில்லை. கேட்டால் சில பேருக்குக் கொடுக்க முடியாமல் போய்விடுமே.

காசு வாங்க மாட்டார். அதுதான் இருப்பதிலேயே மோசம். காசு வாங்கியிருந்தால் யாராவது ஒருத்தராவது சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பார்கள். இலவசமாகக் கொடுப்பவரை எப்படிக் கேட்பது? ஊரே அவரைப் பார்த்தால் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. ஆபீஸ் நாற்காலி போனபிறகு அந்தப் பாட்டில்கள்தான் அவருக்கு நாற்காலி.

கீழத்தெரு ஆசாரிக்குக் கடவாய்ப் பல்லில் வலி. இவர் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் சொட்டச் சொட்ட நனைத்து ஈறில் வைத்து, "நல்லா கடிங்க" என்றார். கிராம்பு எண்ணெய் பல்வலிக்கு ஆகும்தான். ஆனால் அதைக் கலப்பில்லாமல் அப்படி வைத்தால் ஈறு வெந்துவிடும். வெந்துவிட்டது. வெள்ளையாகத் தோல் உரிந்து, அந்த ஆள் நான்கு நாள் கஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் கிடந்தார். பார்க்கப் போன இவர், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, உள்ள இருந்த கிருமி எல்லாம் வெளிய வருது" என்றார். ஆசாரியால் பதில் பேச முடியவில்லை. அது இவருடைய அதிர்ஷ்டம்.

மல்லிகா அத்தை வாய் அப்படிப்பட்டது இல்லை. அத்தையோடு நடவுக்குப் போகும் பெண்களுக்குக் கொசுக்கடி தாங்கவில்லை என்று கேள்விப்பட்டு, ஒருநாள் காலை வரப்புக்கே போய்விட்டார் மனிதர். எலுமிச்சைத் தோலில் எடுத்த எண்ணெயாம். அத்தையின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் அவரே ஊற்றினார். அவ்வகை எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கக் கூடாது என்று அந்த லேபிளிலேயே போட்டிருந்ததாம், பிறகு தெரிந்தது. லேபிள்தான் வாளியில் ஊறிக்கொண்டிருந்ததே. அத்தை பகல் முழுவதும் குனிந்து நட்டாள். சாயங்காலம் கை முழுவதும் சிவந்து, மறுநாள் எண்ணெய் வழிந்த தடமெல்லாம் கொப்புளம். ஆறியபிறகும் கறுப்புக் கோடுகள் மாதக்கணக்கில் போகவில்லை.

மளிகைக் கடை வாசலில் வைத்து அத்தை அவரைப் பிடித்துக்கொண்டாள். நானும் அங்கே நின்றேன்.

"சார், கொஞ்சம் நில்லுங்க. என் கையில ரோடு போட்டு விட்டீங்களே, தாரு யாரு வீட்டு தாரு?"

"அது ஒடம்புல இருந்த அழுக்கும்மா. வெளிய வருது."

"அம்பது வருசமா சேத்துல நிக்கிறேன். என் அழுக்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நீங்க பூசுன எடத்துல மட்டும் பாத்து வந்திருக்கே."

"ஒரு பத்து நாளு தொடர்ந்து போடணும்மா. நடுவுல விட்டா இப்படித்தான்."

"இன்னும் பத்து நாளா?" அத்தை கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, சாருக்கு ஒரு வாளி குடுங்க. பூசுறதுக்கு ஆள் தேடி அலையிறாரு, ஊட்டு செவுத்துல பூசட்டும்."

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அதுதான் அவர் சாமர்த்தியம். எந்தக் கேள்வியும் அவர்மேல் ஒட்டாது. ஆனால் அன்றைக்குச் சிரித்த யாரும் வீட்டுக்குப் போய் அவர் கொடுத்த பாட்டிலைத் தூக்கி எறியவில்லை. நானும் எறியவில்லை. அவரைச் சொல்லும்போது எங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஐப்பசி அடைமழை. ஜெனி, உனக்கு அப்போது பதினோரு மாதம். மூக்கு அடைத்து, பால் குடிக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில், குடையை மடக்கிக்கொண்டு அவர் நம் வீட்டுக்குள் வந்தார்.

அம்மா, "நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட காட்டிரலாம்னு இருக்கோம் சார்" என்றாள்.

"சளிக்கு டாக்டரா? ஏம்மா, புள்ளைக்கு இப்பவே ஊசி மாத்திரன்னு பழக்குறீங்க?" சட்டைப்பையில் கைவிட்டு, கொஞ்சம் யோசித்து, நடுப் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். "மூக்குக்குக் கீழ, நெஞ்சுல, உச்சந்தலையில."

"எவ்வளவு சார்?"

"கையில ஊத்தித் தேய்ங்க தம்பி. புள்ளைக்குப் போய் கணக்குப் பாப்பாங்களா?"

அவர் போனதும் அம்மா பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பசை ஒட்டிய தடம் மட்டும்தான் இருந்தது.

"என்னங்க, இதுல ஒண்ணுமே எழுதலையே. வேணாங்க."

"சார் குடுத்ததுக்கு எழுத்து வேற வேணுமா உனக்கு?"

இது நான் சொன்னது. உன் அம்மா ஒரு தடவை சொன்னாள், நான் கேட்கவில்லை. உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தேன். மூக்குக்குக் கீழே விரலை வைத்தபோது நீ தலையைத் திருப்பிக்கொண்டாய். அந்தப் பக்கம் போய்த் தடவினேன். என் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாய்.

முதலில் கண் சிவந்தது. பிறகு இருமல், விடாமல். "சளி கரையுது" என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் பேச்சு எனக்கும் வந்துவிட்டது பாருங்கள். திடீரென்று இருமல் நின்றது. வாய் திறந்திருக்கிறது, அழுகைச் சத்தம் வரவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம். நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. உதட்டோரம் நீலம். அம்மா உன்னைப் பிடுங்கிக்கொண்டு, சட்டையைக் கழற்றி எறிந்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். எதிர்வீட்டு ஆட்டோவில் தஞ்சாவூருக்குப் போனோம். வழியெல்லாம் மழைத் தண்ணீர். அவ்வளவு குழப்பத்திலும் அம்மா ஒரு காரியம் சரியாகச் செய்தாள். அந்தப் பாட்டிலைச் சேலை முந்தியில் முடிந்து எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. உன் முகத்தில் ஆக்ஸிஜன் வைத்து, நர்ஸை விட்டுச் சோப்புத் தண்ணீரால் நெஞ்சையும் தலையையும் கழுவச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன தடவுனீங்க?"

"தைலம் மேடம்."

"என்ன தைலம்?"

"சார் குடுத்தாரு."

"எந்த சாரு? டாக்டரா?"

"இல்ல மேடம். தாலுகா ஆபீஸ்ல இருந்தாரு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பாட்டிலை முகர்ந்துவிட்டு, "நீலகிரி வாசனை வருது. அதுக்குள்ள கற்பூரமும் இருக்கா? இருந்தா வலிப்பு வரும், நான் ரெடியா இருக்கணும். போன் போட்டுக் கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார்.

போட்டேன். பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது.

"சார், அந்தப் பாட்டில்ல என்ன சார் இருக்கு?"

"ஏன் தம்பி? சளிக்குக் கேக்குதா?"

"புள்ளைக்கு மூச்சு விட முடியல சார். ஆஸ்பத்திரில இருக்கோம். டாக்டரம்மா கேக்குறாங்க."

"இயற்கைன்னு சொல்லுங்க."

டாக்டரம்மா போனைத் தன் பக்கம் இழுத்தார். "சார், நான் டாக்டர் பேசுறேன். அதுல கற்பூரம் இருக்கா இல்லையா?"

"அது நம்ம சொந்தக் கலவைம்மா. அதெல்லாம் போன்ல சொல்ற விஷயம் இல்ல."

"கொழந்தைக்கு ஆக்ஸிஜன் போயிட்டிருக்கு சார்."

"சளி வெளிய வர்றப்ப கொஞ்சம் அப்படித்தாம்மா இருக்கும்."

ஒரு எண்ணெயின் பெயர். அவ்வளவுதான் கேட்டோம். கடையில் யாரும் வாங்கக்கூடிய இரண்டு பாட்டில்களை ஒன்றாக ஊற்றியதைத் தவிர அதில் எந்த ரகசியமும் இல்லை என்பது தெரிந்துபோகுமே என்ற கவலை அவருக்கு. இங்கே ஒரு குழந்தை விசில் சத்தத்தோடு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. அவர் தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அப்போது போனில் டிவிச் சத்தம் நின்றது. ஒரு பெண் குரல்.

"மாமா, பீரோ சாவியக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"குடுங்க மாமா."

சாவிக்கொத்துச் சத்தம், இரும்பு பீரோ திறக்கும் சத்தம், பாட்டில்கள் இடிபடும் சத்தம். பிறகு அந்தக் குரல் பக்கத்தில் வந்தது.

"டாக்டர், நான் அவரு மருமக பேசுறேன். எங்க வீட்ல இருக்குறதுல லேபிள் இருக்கு. மாமா ரெண்ட ஒண்ணா ஊத்துறத நான் பாத்திருக்கேன். ஒண்ணு நீலகிரித் தைலம். இன்னொண்ணு கற்பூர எண்ணெய். படிக்கட்டுமா? கைக்கொழந்தைக்குப் போடக் கூடாதுன்னு இருக்கு. மொகத்துகிட்ட கொண்டுபோகக் கூடாதுன்னு இருக்கு. ரெண்டுலயும் இருக்கு."

"சரிம்மா, போதும்." டாக்டரம்மா நர்ஸிடம் ஏதோ மருந்தின் பெயரைச் சொல்லி எடுத்து வரச் சொன்னார். பிறகு போனை வைக்கப் போனவர் நிறுத்தி, "உங்க வீட்டுப் பாட்டில மட்டும் ஏம்மா லேபிளோட வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"என் பையனுக்கு ஒன்றர வயசு டாக்டர். அதனால மாமாதான் உரிக்காம பீரோல வச்சுப் பூட்டுவாரு. அவன் இருக்குற ரூமுக்கே இத எடுத்துட்டு வர மாட்டாரு."

அதைச் சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்கிறோம் என்று புரிந்திருக்க வேண்டும். குரல் அப்படியே கீழே இறங்கிவிட்டது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அரைமணி நேரத்தில் உனக்கு வலிப்பு வந்தது ஜெனி. கை கால் ஒரு நிமிஷம் வெட்டி இழுத்தது. மருந்து கையில் தயாராக இருந்ததால் உடனே போட்டு நிறுத்திவிட்டார்கள். அந்த மருமகள் அன்றைக்குச் சாவி கேட்காமல் இருந்திருந்தால் என்று நான் யோசிப்பதே இல்லை. யோசித்தால் வேலை ஓடாது.

மறுநாள் மத்தியானம் கண் விழித்து, பால் குடித்தாய். நர்ஸம்மா படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"என்ன வேல பாக்குறீங்க?"

"வயலுக்கு மருந்து அடிக்கிறேங்க."

"ஒரு டேங்குக்கு எவ்வளவு ஊத்துவீங்க?"

"டப்பாவுல போட்டிருக்குற அளவுதாங்க."

"கூட ஊத்துனா?"

"பயிரு கருகிரும்."

அவர் அழுக்கு விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஊரான் வீட்டு நெல்லுக்கு அளவு மூடியால் அளந்தவன் நான். என் பிள்ளைக்கு அளக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். உனக்குப் புரியாத வயது. இப்போது எழுத்தில் கேட்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னதை அம்மா அப்படியே மனப்பாடமாக வைத்திருக்கிறாள், அதன்படிதான் நடக்கிறோம். நம் வீட்டிலும் ஒரு நீலகிரித் தைலம் இருக்கிறது, எனக்கு முதுகு வலிக்கும்போது தேய்க்க. ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில் இரண்டு சொட்டு விட்டுக் கலந்துதான் தேய்ப்பேன். புதுப் பாட்டில் வாங்கினால், முன்கையில் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒருநாள் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்கு. கண், மூக்கு, வாய் பக்கம் போகாது. ஒரு சொட்டுக்கூட யாரும் குடிப்பது இல்லை. அடுப்புப் பக்கமும் சாம்பிராணிச் சட்டிப் பக்கமும் வைப்பதில்லை, அது மண்ணெண்ணெய் மாதிரிப் பற்றிக்கொள்ளும். பாட்டில் லேபிளோடு மேல் அலமாரியில் இருக்கிறது. உங்களுக்கு எட்டாது. எட்டும் வயது வந்தபிறகும், முதலில் படித்துவிட்டுத் திறங்கள். யாராவது தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாசனை நன்றாக இருப்பது வேறு, பிள்ளைக்கு ஆவது வேறு. இவ்வளவுதான் விஷயம். இதை ஒரு காகிதத்தில் எழுதி அச்சடித்துத்தான் அந்தப் பாட்டில்களில் ஒட்டியிருந்தார்கள். அதைத்தான் அவர் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

நாம் வீடு வந்த மூன்றாம் நாள், பையில் ஆரஞ்சுப் பழத்தோடு அவர் வந்தார். நான் வாசலில் நின்றேன். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அவர் அதைக் கவனிக்காதவர் போல எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"புள்ள தெளிஞ்சிட்டா போலருக்கே. பாத்தீங்களா, சளி பூரா போயிருக்கும்."

அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே குரலைத் தாழ்த்தினார்.

"நீங்களும் கொஞ்சம் பாத்திருக்கணும் தம்பி. ரெண்டு சொட்டுன்னுதானே நான் சொன்னேன். நீங்க கையில ஊத்தித் தேச்சிருக்கீங்க."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஓர் அளவு வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் பொய். ஆனால் கையில் ஊற்றித் தேய்த்தது பொய் இல்லையே.

அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள்.

"சார், உங்க பேரன் நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்மா."

"அவனுக்கும் இந்த மழையில சளி புடிச்சிருக்குமே."

"லேசா இருந்துச்சு. இப்ப இல்ல."

"அவனுக்கு எத்தன சொட்டு சார் விட்டீங்க?"

அம்மா சத்தம் போடவில்லை. நம் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சோறு வேண்டுமா என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள். அவர் குடையைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். சட்டைப்பையை ஒரு கையால் மூடிக்கொண்டார். அம்மா நகரவில்லை. கடைசியில் படி இறங்கி, குடையை விரித்து, கொண்டுவந்த ஆரஞ்சுப் பையைக் கொடுக்காமலேயே எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஜெனி, நீ மட்டும்தான் அம்மா இடுப்பிலிருந்து அவருக்கு டாட்டா காட்டினாய்.